இருபத்தேழாவது கேள்வி

எங்கள் பெரியம்மாவுக்குப் புளி விலை தெரியாது என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அச்சாகியிருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை. ‘மலைப்பகுதி விவசாயக் குடும்பங்கள்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பங்களின் வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பதிலை வாங்கிப் போனவள் நான். அதனால் அந்தச் சொற்களுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா இருக்கிறாள். எதிர்வீட்டு மாமா இருக்கிறார். எல்லாரையும்விட முக்கியமாகப் பெரியம்மா இருக்கிறாள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஒடுகத்தூர்ப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. சாமையும் கேழ்வரகும் விளையும். புளியமரங்கள் உண்டு. கடுக்காய் பொறுக்குவோம். நான் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் பொருளாதாரம் சேர்ந்தேன். அந்தப் பாடத்தின்மேல் ஆசை ஒன்றும் இல்லை, வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் சிலரிடம் இருக்கிறது, ஏன் சிலரிடம் இல்லை என்று ஒரு பாடம் வெளிப்படையாகப் பேசும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிறகு சென்னையில் எம்.ஏ. அங்கிருந்து டெல்லியில், நாடு முழுவதும் பெயர் சொல்லும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தது. எங்கள் மலையிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே எனக்குக் கைடாக வந்தவர் ஒரு பேராசிரியை. அவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது பொய்யாகிவிடும். முதல் குளிர்காலத்தில் நான் நடுங்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே தன் வீட்டிலிருந்து கம்பளிச் சட்டையும் பஞ்சு மெத்தைபோல் தடித்த ஒரு போர்வையும் கொண்டுவந்து விடுதியில் கொடுத்துவிட்டுப் போனார். என் ஆங்கிலத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் எழுதியதை வரி வரியாகத் திருத்தித் தருவார். அவரை மேடம் என்று அழைத்தாலும் மனதுக்குள் அதைவிட நெருக்கமாகத்தான் வைத்திருந்தேன்.

முதல் ஆண்டு வகுப்புகளில் கரும்பலகையில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும். வெட்டும் இடம்தான் விலை. விவசாயி விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார், அங்கே விலை தீர்மானமாகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எதில் கொண்டுவருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் அப்பா தலையில் மூட்டையுடன் காட்டுப்பாதையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு விலகிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நானே அந்தக் கோடுகளை அழகாக நோட்டில் வரைந்துகொண்டு, கேள்வி வராமல் உட்கார்ந்திருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் மேடத்துக்கு ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் கிடைத்தது. மலைப்பகுதி விவசாயிகள் விளைந்ததை ஏன் சந்தைக்குக் கொண்டுபோகாமல் ஊருக்கு வரும் வியாபாரியிடமே விற்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. நாட்டில் சில மலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கே ஜவ்வாது மலை. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, நான் இருந்தேன். மொழி தெரியும், ஊர் தெரியும், சனம் நம்பும். மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி டெல்லியில் பேசப்போகிறார்கள் என்று அன்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

கேள்விகள் டெல்லியிலேயே தயாராகி, டேப் என்று எல்லாரும் சொல்லும் கையடக்கக் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. இருபத்தேழாவது கேள்விதான் ஆய்வின் உயிர். ‘விளைபொருளை நேரடியாகச் சந்தையில் விற்காததற்கு முக்கியக் காரணம் என்ன?’ கீழே ஐந்து பதில்கள். சந்தை விலை தெரியாது. நேரம் இல்லை. விளைச்சல் குறைவு. விருப்பம் இல்லை. மற்றவை. ஐந்தில் ஒன்றைத்தான் தொட முடியும். மற்றவை என்பதைத் தொட்டால் எழுதுவதற்கு ஒரு சிறிய கட்டம் திறக்கும்.

கிளம்புவதற்கு முன்பே நான் மேடத்திடம் சொன்னேன், போக்குவரத்து என்று ஒரு பதில் வேண்டும் என்று. வடக்கே ஒரு மலையில் முன்னோட்டம் முடிந்துவிட்டது, இனி கேள்விகளை மாற்றினால் எல்லா மலைகளையும் ஒப்பிட முடியாமல் போகும் என்றார். மற்றவையில் எழுதிவிடு, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சரி என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

சாமை அறுப்பு முடிந்த சமயத்தில் ஊருக்குப் போனேன். முதல் வீடு பெரியம்மா வீடு. அம்மாவின் அக்கா. புருஷன் போன பிறகு தனியாகக் கொல்லையில் பயிர் பார்ப்பவள். பேச்சில் யாருக்கும் அடங்க மாட்டாள். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இருபத்தேழாவது கேள்வி வந்ததும் ஐந்து பதில்களையும் படித்துக் காட்டினேன். அவள் புளிக்கொட்டையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“வெல தெரியாதா? இரு.”

இடுப்பிலிருந்து போனை எடுத்து ஒடுகத்தூரில் ஒரு மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அன்றைக்குப் புளி என்ன போகிறது, கொட்டை எடுத்தது என்ன, எடுக்காதது என்ன என்று இரண்டையும் கேட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வெலல்லாம் தெரியும்மா. மூட்டைய எதுல எடுத்துக்கினு போறது? முன்ன வந்த பஸ்ஸுல பின்னாடி ஏணி இருக்கும், மேல ஏத்திடலாம். இப்ப வர்ற பஸ்ஸுல மேல ஒண்ணும் கெடையாது. உள்ள வச்சா கண்டக்டரு எறக்கி வுட்டுட்றாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, சனம் நிக்கவே எடமில்ல. இன்னா பண்றது, வூட்டாண்ட வர்றவன்கிட்டயே போட்டுட்றோம். அவன் வச்சதுதான் வெல.”

வருகிறவன் என்று அவள் சொன்னது, குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டியில் மலைக்குக் கீழிருந்து வரும் வியாபாரியை. நான் மற்றவை என்பதைத் தொட்டு, கட்டத்தில் தமிழில் எழுதினேன்: பஸ்ஸில் மூட்டை ஏற்ற வழியில்லை. அதற்குமேல் எழுத்துக்கு இடம் இல்லை.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒருவர் சந்தை நாளில் ஜமுனாமரத்தூருக்கு மூட்டையோடு போக விடியற்காலையிலேயே வந்து நின்றும், பஸ் நிற்காமலே போனதைச் சொன்னார். இன்னொருவர் மூட்டையை இரண்டாகப் பிரித்து இரண்டு சந்தை நாளில் கொண்டுபோனதைச் சொன்னார். எல்லாவற்றையும் கட்டத்தில் அடங்கிய அளவுக்குத் தமிழில் தட்டினேன், ஒரு வார்த்தையும் என் இஷ்டத்துக்கு மாற்றாமல்.

அதோடு நிற்காமல் நான் இன்னொன்றும் செய்தேன். இதெல்லாம் எதுக்கும்மா கேக்கற என்று எதிர்வீட்டு மாமா கேட்டபோது, இதை டெல்லியில் பெரிய ஆட்கள் படிப்பார்கள், பஸ்ஸுக்கு வழி பிறக்கும் என்று சொன்னேன். சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகச் சொன்னேன். அந்தப் பேச்சு வீடு வீடாகப் போய், அடுத்த நாள் என்னைத் தேடி வந்து பதில் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் துறையின் செமினார் அறையில் அந்த ஆய்வின் முடிவை மேடம் வழங்கினார். அறை நிறைந்து, பின்னால் நின்றுகொண்டு கேட்டார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் முதல் முடிவு வந்தது: மலை விவசாயிகள் நேரடியாக விற்காததற்குத் தலையான காரணம் சந்தை விலை பற்றிய அறியாமை. மற்ற மலைகளைவிட ஜவ்வாது மலையில் இந்த அறியாமை மிக ஆழமாக இருக்கிறது. விலைத் தகவலை அவர்களிடம் கொண்டு சேர்த்தால் நிலைமை மாறும்.

திரையில் வேறு ஏதோ ஒரு மலை என்று முதலில் நினைத்தேன். மறுபடி படித்தேன். ஜவ்வாது என்றுதான் இருந்தது. முடிந்ததும் கைதட்டினார்கள். என் கையும் தட்டியது.

அன்று மத்தியானமே திட்டத்தின் புள்ளிவிவரம் பார்க்கும் ஆய்வாளரின் அறைக்குப் போய், கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். கெட்டிக்காரர், மரியாதையானவர், உடனே காட்டினார். இருபத்தேழாவது கேள்வியின் பத்தியில், நான் தமிழில் தட்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. வேறொன்றும் இல்லை. அவருடைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. பெரியம்மா சொன்ன பஸ்ஸும், விடியலில் நின்ற மனிதரும், இரண்டாகப் பிரித்த மூட்டையும் எல்லாம் கேள்விக்குறி.

இவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். படிக்க முடியாத பதில்களை எங்கேயாவது சேர்க்க வேண்டியிருந்தது, தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு விலையும் தெரிந்திருக்காது என்று எடுத்துக்கொண்டு, விலை தெரியாது என்பதில் சேர்த்துவிட்டேன் என்றார். சாதாரணமாகச் சொன்னார். அவர் அறைக்கு இரண்டு மாடி கீழேதான் நான் தினமும் உட்கார்ந்திருந்தேன். ஒரு படி இறங்கி வந்து இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பேச்சு அவருக்கு ஒரு கோளாறு. அதைச் சரிசெய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

மேடம் அறைக்குப் போனேன். வழக்கம்போல் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பில் இருந்த தமிழ்ப் பதில்களின் அச்சுப் படிகளைக் கொண்டுபோயிருந்தேன், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவர் நன்றாகக் கேட்டார். பிறகு, கட்டுரை போய்விட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டும் விட்டது, மற்ற மலைகளின் முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது, ஒரு மலையை எடுத்துவிட்டாலும் மொத்த முடிவு பெரிதாக அசையாது என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். அது அவ்வளவு சுலபம் இல்லை என்றார். போக்குவரத்தும் ஒருவகையில் தகவல் பிரச்சினைதான் என்று சொல்லிப் பார்த்தார். எப்படி என்று கேட்டேன். டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கடைசியில் மிகவும் அன்பாக, என் கையைத் தொட்டுச் சொன்னார்:

“நீ அந்த ஊர்ப் பெண். அதனால்தான் உன்னால் இதைத் தள்ளி நின்று பார்க்க முடியவில்லை.”

அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஊர்ப் பெண் என்பதால். கேள்வி கேட்கும்வரை அது என் தகுதி. பதிலைப் படிக்கச் சொன்னதும் அதுவே என் குறை. இதை அப்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, அச்சுப் படிகளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். கட்டுரை வெளிவந்தபோது கடைசிப் பக்கத்தில் களப்பணியில் உதவியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஒரு கட்டுரையோடு போயிருந்தால் நான் அதை விழுங்கிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆராய்ச்சிக் கட்டுரைகளை யார் படிக்கிறார்கள் என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் யாரோ படித்துவிட்டார்கள்.

அடுத்த தை மாதம் நான் ஊரில் இருந்தபோது, ஜமுனாமரத்தூரில் விலை விழிப்புணர்வு முகாம் என்று அறிவிப்பு வந்தது. காலையில் எங்கள் ஊருக்கு ஒரு வேன் வந்தது. ஆட்களை முகாமுக்கு ஏற்றிப் போக அனுப்பிய வேன். பெரியம்மா ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, இத்தனை இடம் இருக்கிறதே, ரெண்டு மூட்டை போட்டுக்கொள்ளட்டுமா என்று டிரைவரைக் கேட்டாள். ஆட்களுக்கு மட்டும்தான் உத்தரவு என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே மூட்டைகள் வீட்டில் இருக்க, நாங்கள் காலி இடத்தோடு சந்தைக்கு, சந்தையில் விற்பது எப்படி என்று தெரிந்துகொள்ளப் போனோம்.

சந்தைத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு மின்னணுப் பலகை. சிவப்பு எழுத்தில் சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய் என்று விலை ஓடியது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஜமுனாமரத்தூருக்கு வர வேண்டும். வருவதற்கு வழியில்லை என்பதுதான் நாங்கள் சொன்ன பதில். மேடையில் ஓர் அதிகாரி பேசினார். கெட்டவர் இல்லை, நிஜமான அக்கறையோடுதான் பேசினார். நாட்டின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று உங்கள் ஊர்களுக்கே வந்து ஆராய்ந்து, உங்களுக்கு விலை தெரியாததால்தான் ஏமாறுகிறீர்கள் என்று கண்டுபிடித்திருக்கிறது, இனி ஏமாறாதீர்கள் என்றார். உங்கள் மலைப் பெண்ணே அந்த ஆராய்ச்சியில் இருந்தார் என்று பெருமையாகச் சேர்த்துச் சொன்னார்.

பெரியம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தபோது பெரியம்மா வாங்கவில்லை. ஊரில் வேன் நின்று எல்லாரும் இறங்கிய பிறகுதான் என் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு வெல தெரியாதுன்னு நீயா எழுதன?”

இல்லை பெரியம்மா என்று ஆரம்பித்தேன். மென்பொருள், எழுத்து, கேள்விக்குறி என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே அது கேட்க அசிங்கமாக இருந்தது. அவள் முடிக்கவிட்டாள்.

“நீ இன்னா எழுதனன்னு எனக்குத் தெரியாது. எங்க வாசல்ல குந்திக்கினு கேட்டது நீ. பஸ்ஸு வரும்னு சொன்னது நீ. இப்ப எங்களயெல்லாம் ஒண்ணுந் தெரியாத சனம்னு மைக்குல சொல்றாங்க, அதுக்கு நம்ம பொண்ணே சாட்சின்றாங்க. இனிமே எங்கிட்ட ஒண்ணும் கேக்காத.”

அவள் போய்விட்டாள். எதிர்வீட்டு மாமா என் தோளைத் தட்டிவிட்டு, விடும்மா, கோபத்தில் பேசுகிறாள் என்றார். அந்த ஆறுதல்தான் அன்று எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் ஆறுதலில் என்மேல் இரக்கம்தான் இருந்தது.

அந்த விடுமுறை முடிவதற்குள் பஸ்ஸுக்காக நானே ஒரு மனு எழுதி, ஊரில் கையெழுத்து வாங்கி, கீழே இருக்கும் பஸ் பணிமனைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சந்தை நாளில் மட்டுமாவது மூட்டை ஏற்ற வசதியுள்ள ஒரு பஸ் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அங்கிருந்த மேலாளர் உட்கார வைத்து, மனுவை முழுதும் படித்தார். பிறகு, இதற்குமுன் வந்த மனுக்களையும் மேலிடத்துக்கு அனுப்பியதாகவும், மலை ஊர்களில் சரக்கு வெளியே போகாததற்குப் போக்குவரத்து காரணம் இல்லை, விலை தெரியாததுதான் காரணம் என்று ஆய்வு சொல்வதாகப் பதில் வந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தப் பதிலை எடுத்தும் காட்டினார். எந்த ஆய்வு என்று அதில் போட்டிருந்தது.

“ஆராய்ச்சியே அப்டி சொல்லும்போது நாங்க இன்னா பண்ணமுடியும், சொல்லுங்க,” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் சனம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தது. எனக்கு மேடத்தின்மேல், அந்த ஆய்வாளர்மேல், படித்துப் பார்க்காமல் கைதட்டிய அந்த அறை முழுவதன்மேலும் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெரியம்மாவின் வாயிலிருந்து வந்த பதிலை எடுத்து, அவளுக்கு எதிராகவே திருப்பி, அதை வைத்து அவளுடைய பஸ்ஸையும் மறித்துவிட்டார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவர்கள் கொஞ்சம் கவனமாகவாவது செய்திருப்பார்கள்.

டெல்லிக்குப் போனதும் இரண்டு காரியம் செய்தேன். கட்டுரை வந்த இதழுக்கு, தமிழ்ப் பதில்களின் மொழிபெயர்ப்போடு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கைடை மாற்றித் தரும்படி துறைத் தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் காரணத்தை எழுதினேன். அப்படி யாரும் எழுதுவதில்லையாம். உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை என்று ஏதாவது போட்டுவிடச் சொல்லி நண்பர்கள் கெஞ்சினார்கள். துறைத் தலைவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு மாதிரி எழுதி வரச் சொன்னார். அதே தாளை மறுபடியும் கொடுத்தேன். சில வாரங்கள் தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மேடம் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கொடுத்த போர்வையைத்தான் அந்தக் குளிரிலும் போர்த்திக்கொண்டு படுத்தேன். வேறு இல்லை.

வேறு பேராசிரியர் ஒருவர் என்னை ஏற்றுக்கொண்டார். பேச்சு குறைந்த மனிதர். என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் இனி யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கப்போவதில்லை என்றேன். கேட்காமல் எப்படி என்றார். பார்க்கப்போகிறேன் என்றேன்.

ஒரு முழு அறுவடைக் காலம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பஸ் வரும் ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் மூட்டையோடு நிற்கிறார்கள், எத்தனை மூட்டை ஏறுகிறது, எத்தனை நின்றுவிடுகிறது, நின்றது எங்கே போகிறது என்று எழுதினேன். நின்றுவிட்ட மூட்டைகளில் பெரும்பாலானவை அன்றைக்கே குட்டியானை வண்டியில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். மழையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டிப் போகும்போது சிலர் சிரித்தார்கள். சிலர் இது எதுக்கு என்று முணுமுணுத்தார்கள். பெரியம்மா ஒருநாள் புளி மூட்டையோடு வந்து நின்றாள். பஸ் வந்தது. கண்டக்டர் கையை விரித்தார். பஸ் போய்விட்டது. அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“எழுதிக்கினியா?”

எழுதினேன் என்றேன். மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிடக் கூப்பிடுவாள் என்று எழுந்தேன். கூப்பிடவில்லை, வேறொருத்தியைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனாள்.

அதுதான் என் ஆய்வேடு. வாய்மொழித் தேர்வுக்கு மேடமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஊரில் பார்த்ததை வைத்து எவ்வளவு தூரம் பேச முடியும் என்று கேட்டார். ஓர் ஊரைக்கூடப் பார்க்காமல் எல்லா ஊரையும் பற்றிப் பேசியதைவிடக் கொஞ்சம் அதிக தூரம் என்றேன். பட்டம் கிடைத்தது. இதழில் என் கடிதத்தை மிகவும் சுருக்கி, அதன்கீழ் அவர்கள் பதிலையும் சேர்த்துப் போட்டார்கள். முதல் கட்டுரையைத்தான் இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆய்வேட்டின் ஒரு பகுதியைத் தமிழாக்கி அதே பணிமனைக்கு எடுத்துப் போனேன். மேலாளர் மாறியிருந்தார். புதியவர் அதை வாங்கி மேலே அனுப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு, மேலே கம்பித் தடுப்பும் பின்னால் ஏணியும் இருந்த ஒரு பழைய பஸ், சந்தை நாளில் மட்டும் எங்கள் பக்கம் வந்தது. இரண்டு அறுவடை ஓடியது. அந்த நாட்களில் குட்டியானைக்காரன் தானாகவே விலையை ஏற்றிக் கேட்டான் என்று அம்மா போனில் சொன்னாள். பிறகு வண்டி பழசாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். வேறு அனுப்பவில்லை. ஜமுனாமரத்தூர் விலைப் பலகையும் இப்போது எரிவதில்லை. அதைப் பற்றி யாரும் மனு கொடுக்கவில்லை.

நான் இப்போது மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். சென்ற வருஷம் சென்னையில் ஒரு கருத்தரங்கில் மேடத்தைப் பார்த்தேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், இவள் என் மாணவி, களம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவள் என்றார். யாரோ படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன். அவர் எழுதியது எதையும் திரும்பப் பெறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை. ஊர் திரும்பும்வரை என் முகத்தை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா பேசுகிறாள், பழையபடி எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றி, என் கல்லூரியைப் பற்றி, எல்லாவற்றையும் கேட்கிறாள். நான்தான், ஒண்ணும் கேக்காத என்று அவள் அன்று சொன்னதை மறந்துபோய், சாதாரணமாக, இந்த வருஷம் புளி எப்படிப் பெரியம்மா என்று கேட்டுவிட்டேன்.

“எதுக்குக் கேக்கற?”

சும்மாதான் என்றேன். அவள் எழுந்தாள். உள்ளே போய்ச் சாமைச் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன்.